சைனுக்குச் சொந்த ஊர் எது?

செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைப்பது சைன். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் நீங்கள் படிப்பது இதுதான். கோபுரத்தின் உயரம், ஏணியின் நீளம் எல்லாம் கண்டுபிடித்துவிடுகிறீர்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஊசல் ஆடுகிறது, சுருள்வில் அதிர்கிறது, அங்கேயும் சைன்! அங்கே முக்கோணம் எங்கே? கர்ணம் எது? கல்லூரிக்கு வரும் மாணவர்களைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். சைன் 150 பாகை என்றால் இன்னும் குழப்பம். செங்கோண முக்கோணத்துக்குள் 150 பாகைக் கோணம் ஏது?

விடை உங்கள் வீட்டு சைக்கிளில் இருக்கிறது. மாலை வெயில் நன்றாகச் சாய்ந்தபின், முன்சக்கரம் சுவரைப் பார்க்க, வெயில் பின்னாலிருந்து விழும்படி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மிதியைக் கையால் சீராகச் சுற்றுங்கள். மிதி வட்டமிடுகிறது, சுவரில் அதன் நிழலோ மேலும் கீழும் மட்டுமே போய்வருகிறது. உச்சியிலும் அடியிலும் தயங்குகிறது, நடுவில் விரைகிறது. ஊசலும் இப்படித்தானே ஆடுகிறது?

மிதியைத் தாங்கும் கை 17 செ.மீ. என்று கொள்வோம். கை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை உயர்ந்ததும் நிழல் நடுமட்டத்துக்கு மேல் 8.5 செ.மீ.யில் நிற்கும். அதாவது 17 பெருக்கல் சைன் 30 பாகை. 150 பாகையிலும் அதே உயரம்தான். 210 பாகையில் அதே அளவு கீழே. ஆகவே குறை எண். சுற்றும் புள்ளியின் உயரத்தை ஆரத்தால் வகுத்தால் வருவதே சைன். நீங்கள் படித்த முக்கோணம் இந்த வட்டத்தின் முதல் கால் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது. மேல்வகுப்பில் ஓரலகு வட்டம் வருகிறது, உண்மைதான். அதற்குள் முக்கோணம் மனத்தில் வேரூன்றிவிடுகிறதே! வட்டத்தை முதலில் காட்டலாம் என்பது என் கட்சி.

பழைய முறையும் அதுதான். வட்டத்தின் பகுதியை வில் என்றும், அதன் முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும் சொல்கிறோம் அல்லவா? கி.பி. 499-இல் ஆரியபட்டர் கணக்கிட்டது அரைநாண்களை. சுற்றளவு 360 பாகை, அதாவது 21,600 கலை. அதே அலகில் ஆரம் ஏறக்குறைய 3,438. அவர் 225 கலைக்கு ஒன்றாக 24 அரைநாண்களுக்கு வழி சொன்னார். முதல் வில் 225 கலை. அதன் அரைநாணும் 225! கோணம் சிறிதானால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஊசல் கணக்கில் சைன் தீட்டாவுக்குப் பதில் வெறும் தீட்டா என்று எழுதுவது இதனால்தான். ஆனால் வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளந்திருக்க வேண்டும். வில்லை ஆரத்தால் வகுத்து வரும் அந்தக் கோண அளவே ரேடியன்.

கணிப்பான் இருந்தால் 225 கலைக்கு, அதாவது 3.75 பாகைக்கு, சைன் கண்டு 3,438-ஆல் பெருக்கிப் பாருங்கள். 224.86 வரும். குறை எண் வந்தால் கணிப்பான் ரேடியனில் இருக்கிறது, பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.