1,400 வெள்ளி லென்ஸ், 12 வெள்ளி கார்டு

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில், சிராங்கூன் ரோட்டில் ஒரு சிறிய மண்டபத்தில் காதுகுத்து விழா. கட்டணம் பேசி நான் படமெடுத்த முதல் நிகழ்ச்சி அது. 250 வெள்ளி. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தது, ஊசி பட்டதும் வீறிட்டு அழுதது, ஈப்போவிலிருந்து வந்திருந்த பாட்டி அதன் கண்களைத் துடைத்தது என எல்லாவற்றையும் எடுத்தேன்.

அன்றிரவு மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். கணினியால் அதைப் படிக்க முடியவில்லை. மீட்பு மென்பொருளைக் கொண்டு போராடியதில் 412 படங்களில் 160 மட்டும் கிடைத்தன. காது குத்திய நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் குழந்தையின் தாயாரை அழைத்துச் சொன்னேன். அந்த அக்கா திட்டவில்லை. “காசு இருக்கட்டும்மா. அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கே தவறினேன்?

துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில் 1,400 வெள்ளிக்கு 70-200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். பெரிய லென்ஸ் கையில் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். கேமராவோ ஒரே ஒரு கார்டு போடும் வகை. கார்டு, உயர்நிலைப் பள்ளிப் படக்கலை மன்றத்தில் இருந்தபோது 12 வெள்ளிக்கு வாங்கியது. மெமரி கார்டுக்கும் ஆயுள் உண்டு, எழுதி எழுதி அது தேயும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த லென்சும் அன்று உதவவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் பாதிக் குடும்பம் படத்துக்குள் வரவில்லை.

மாற்றிய பட்டியல்

சிட்டி ஹால் அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் பல உள்ளன. அங்கே லென்சை 1,150 வெள்ளிக்கு விற்றேன். அதே பணத்தில் வாங்கியவை இவை: இரண்டு கார்டுகள் போடக்கூடிய பழைய கேமரா 600 வெள்ளி, 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் 200, ஃபிளாஷ் 140, நான்கு புதிய கார்டுகள் 100, கூடுதல் பேட்டரி 60. மொத்தம் 1,100 வெள்ளி.

இப்போது ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளிலும் பதிவாகிறது. பழைய கேமராவை விற்கவில்லை. புதிதாக வாங்கியதும் அதே நிறுவனத்துடையது, லென்ஸ் பொருத்தும் அமைப்பும் ஒன்றே என்பதால் லென்சுகள் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்.

35 மில்லிமீட்டர் லென்ஸ் விலை குறைவுதான். ஆனால், கேமராவோடு வந்த லென்சின் எஃப் 3.5 துளையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. மங்கலான மண்டபத்தில் குழந்தை கையை ஆட்டினாலும் படம் கலங்குவதில்லை. குழுப் படத்துக்குக் கேமராவோடு வந்த லென்சும் ஃபிளாஷும் போதும்.

தொலைவிலிருந்து எடுக்கவேண்டிய திருமணம் வந்தால்? பெரிய லென்சை ஒரு நாளுக்கு 45 வெள்ளி வாடகைக்கு எடுக்கிறேன். 1,400 வெள்ளிக்கு 31 முறை வாடகைக்கு எடுக்கலாம். எனக்கு இதுவரை தேவைப்பட்டது இரண்டே முறை.

வாங்குமுன் கேளுங்கள்

எதை வாங்கும் முன்பும் இப்போது இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இது பழுதானால் வேலை நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் இரண்டு வேண்டும். இது மாதத்தில் எத்தனை முறை தேவைப்படும்? எப்போதாவது என்றால் வாடகையே போதும்.

பழைய கேமரா வாங்கினால், ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கடையில் கேளுங்கள். உங்கள் கார்டையே கொண்டுபோய்ச் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே படங்களை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதுவரை கார்டை அழிக்காதீர்கள்.

அக்டோபரில் அதே குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கட்டணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தேன். பாட்டி மறுபடியும் வந்திருந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தவர், “காதுகுத்துப் படம் எங்கம்மா?” என்று கேட்டார்.

படமெடுக்கும் தொழிலில் இறங்க நினைக்கும் நண்பர்களே, உங்கள் முதல் செலவு நல்ல கார்டுகளாக இருக்கட்டும்.