இடது கைக்கு மட்டும்

ஷோப்பினின் எட்யூட்கள் பெயருக்குத்தான் பயிற்சித் துண்டுகள். 1833இல் 12 (ஓபஸ் 10), 1837இல் 12 (ஓபஸ் 25) என்று இரண்டு தொகுப்புகளாக வெளிவந்த இவை, ஒவ்வொன்றும் மனிதக் கையின் ஏதோ ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே சில நிமிடங்கள் விடாமல் வேலை வாங்கும். ஓபஸ் 10இன் இரண்டாம் எட்யூடைப் பாருங்கள். வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அடியில் ஸ்வரக் கொத்துகளைத் தட்டிக்கொண்டிருக்க, மிச்சமிருக்கும் மூன்று விரல்கள் மேலே அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி இறங்க வேண்டும். அந்த மூன்றில் மோதிர விரலுக்குச் சுதந்திரம் மிகக் குறைவு. அதைத் தூக்கும் தசைநாண் புறங்கையில் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்கு இழைகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. நடுவிரலை மடித்துக் கையை மேசைமேல் ஊன்றி, மோதிர விரலை மட்டும் தூக்கிப் பார்த்தால் உடனே தெரியும்.

இந்த 24ஐயும் மேடையில் வாசித்துவிட்டால் அதற்குமேல் நிரூபிக்க எதுவும் இல்லை என்பது பொதுவான எண்ணம். லியோபோல்ட் கோடோவ்ஸ்கிக்கு மட்டும் அது போதவில்லை. இன்றைய லித்துவேனியாவில் 1870இல் பிறந்து, பெரும்பாலும் தானாகவே பியானோ கற்றுக்கொண்டவர் அவர். ஷோப்பினின் எட்யூட்களை எடுத்து, 1890களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறுபடி மறுபடி வார்த்து, 53 துண்டுகளாக வெளியிட்டார். கறுப்புக் கட்டைகளிலேயே வலது கை ஓடும் ஓபஸ் 10, எண் 5க்கு மட்டும் ஏழு வடிவங்கள். அவற்றில் ஒன்று, குறும்புக்கென்றே, வெள்ளைக் கட்டைகளுக்கு மாறிவிடும்.

மொத்தத்தில் 22 துண்டுகள் இடது கைக்கு மட்டும் எழுதப்பட்டவை. ஒரு கையை எடுத்துவிட்டால் இசையும் பாதியாகத்தானே குறைய வேண்டும்? அப்படிக் குறையவில்லை. மந்தர ஸ்வரம், நடுவில் நிரப்பும் கொத்துகள், மேலே பாடும் மெட்டு எல்லாம் அப்படியே கேட்கின்றன. ஒலிப்பதிவை மட்டும் கேட்பவர், வாசித்தது ஐந்தே விரல்கள் என்றால் நம்ப மாட்டார்.

இது சாத்தியமாவதற்கு முதல் காரணம் பியானோவின் வயிற்றுக்குள் இருக்கிறது. பியானோவில் விரல் கம்பியைத் தொடுவதே கிடையாது. கட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போது, நெம்புகோல்களின் வரிசை ஒன்று கம்பளி போர்த்திய சுத்தியலை மேலே எறிகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி சுத்தியலை விட்டுவிடும். கடைசித் துளி தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, சில மில்லிநொடிகள் மட்டும் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி விழுகிறது. அதன்பிறகு அந்த ஸ்வரத்தை வளைக்கவோ வளர்க்கவோ வாசிப்பவரால் முடியாது. வீணைக்காரருக்குக் கம்பியை இழுத்துக் கமகம் தர முடிகிறது. பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: ஸ்வரம் எப்போது நிற்க வேண்டும் என்பது. கட்டையை விட்டால் டாம்பர் என்னும் கம்பளித் துண்டு கம்பிமேல் இறங்கி ஒலியை அமர்த்திவிடும். வலது பெடலை மிதித்தாலோ எல்லா டாம்பர்களும் ஒன்றாக மேலெழும்பி நிற்கும். விரல் போன பிறகும் ஒலி நிற்காது.

கருவியின் இந்தக் குறையைத்தான் கோடோவ்ஸ்கி முதலாக்கிக்கொண்டார். அடித்த ஸ்வரத்துக்கு விரல் தேவையில்லை என்றால், விரல் வேறு வேலைக்குப் போகலாம். சுண்டுவிரல் அடியாழத்தில் ஒரு மந்தர ஸ்வரத்தைத் தட்டுகிறது. பெடல் அதைப் பிடித்துக்கொள்கிறது. பியானோவின் நீளமான, தடித்த கம்பிகள் அங்கேதான் இருப்பதால் ஒலி பல நொடிகள் நீடிக்கும். அதற்குள் கை இரண்டு மூன்று ஸ்தாயி தாவி மேலே மெட்டை வாசித்துவிட்டு, அடுத்த மந்தர ஸ்வரத்துக்குக் கீழே வந்துவிடுகிறது.

சிக்கல் பெடலில்தான். அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு அடி போவதற்குள் எல்லாம் குழம்பிச் சகதியாகிவிடும். அதனால் பெடலைப் பாதி மட்டும் விட்டு மறுபடி மிதிப்பது, படபடவென்று லேசாக அதிரவிடுவது போன்ற நுணுக்கங்கள் வேண்டியிருக்கின்றன. டாம்பர்கள் கம்பிகளை மேலாகத் தீண்டினால், மெல்லிய மேல்ஸ்தாயிக் கம்பிகளின் ஒலி சட்டென்று மங்கும். தடித்த மந்தரக் கம்பிகள் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. இடது கைத் துண்டுகளை வாசிப்பவரின் திறமையில் பெரும்பகுதி உண்மையில் வலது காலில் இருக்கிறது.

மிச்சத்தைக் காது செய்துகொள்கிறது. மேலும் கீழுமாக ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி வரும்போது, ஒரே ஆள் தாவித் தாவி வாசிப்பதாகக் காது எடுத்துக்கொள்வதில்லை. உயரத்தில் ஒன்று, தாழ்வில் ஒன்று என இரண்டு தனி இழைகளாகப் பிரித்துவிடுகிறது. ஒற்றை வயலினுக்கு பாக் எழுதியவற்றில் பல குரல்கள் கேட்பதும் இதனால்தான். அந்த இழைகளில் எது மெட்டு, எது துணை என்று காட்டுவது அழுத்தம். ஒரே கையில் சேர்ந்து விழும் விரல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஓங்கி விழ வேண்டும். இதில் அளந்து அறிந்த ஒரு வேடிக்கை உண்டு. ஓங்கி அழுத்தப்பட்ட கட்டையின் சுத்தியல் வேகமாகப் பறக்கும். எனவே விரல்கள் ஒன்றாக இறங்கினாலும் மெட்டின் ஸ்வரம் மற்றவற்றுக்கு 20, 30 மில்லிநொடி முன்பே ஒலித்துவிடும். முந்தியது என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. அந்த ஸ்வரம் துலக்கமாக இருப்பது மட்டும் தெரியும்.

சரி, ஏன் இடது கை? வலது கை அல்லவா பலருக்கும் வலுவான கை? கோடோவ்ஸ்கி இதற்கு நேர்மாறாக வாதாடினார். மெட்டு பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். வலது கையில் உச்சத்தில் இருப்பது சுண்டுவிரல், ஐந்தில் இளைத்தது. இடது கையில் உச்சத்தில் இருப்பது பெருவிரல். பாட வேண்டிய குரலுக்கு இயற்கையே வலுவான விரலைக் கொடுத்திருக்கிறது என்றார். கேட்டால் எளிமையான உண்மைதான். ஆனால் இதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டு இத்தனை துண்டுகள் எழுதியவர் அவர்.

‘புரட்சி எட்யூட்’ என்று பெயர் வாங்கிய ஓபஸ் 10, எண் 12இல் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். மூலத்திலேயே இடது கைக்கு மூச்சுவிட நேரமில்லை. அது புயலாகச் சுழல, வலது கை மேலே முழங்கும். கோடோவ்ஸ்கி முழக்கத்தையும் இடது கையிடமே கொடுத்துவிட்டார். சி மைனரில் இருந்ததை அரைக் கட்டை ஏற்றி சி ஷார்ப் மைனருக்கும் மாற்றினார். அங்கே கறுப்புக் கட்டைகள் அதிகம். நீண்ட விரல்கள் உயர்ந்த கறுப்புக் கட்டைகளில் படிய, கை தன் இயல்பான வளைவில் அமரும். தொடக்க மாணவர்களுக்கு ஷோப்பினே இப்படிப்பட்ட ஸ்கேல்களைத்தான் முதலில் கொடுத்தார். சாதனை என்ற வகையில் இந்தத் துண்டு மலைக்க வைக்கிறது. இசையாக எனக்கு அவ்வளவு உவப்பில்லை. மூலத்தில் கோபத்தைக் கேட்கிறேன். இதில் உழைப்பைக் கேட்கிறேன்.

காதை ஏய்க்கும் வித்தையைத் தொடங்கிவைத்தவர் கோடோவ்ஸ்கி இல்லை. 1830களில் பாரிஸைக் கலக்கிய பியானோக் கலைஞர் தால்பெர்க், மெட்டை நடுவில் வைத்து இரண்டு பெருவிரல்களுக்கும் பங்கிட்டுவிட்டு, மற்ற விரல்களால் மேலும் கீழும் அலையலையாக வாசிப்பார். அவருக்கு மூன்று கைகள் என்று ஊர் பேசியது. 1837இல் ஓர் இளவரசியின் வீட்டில் அவரும் லிஸ்ட்டும் போட்டியாக வாசித்த கதை பிரபலம். லிஸ்ட்டோ தன் எட்யூட்களையே இரண்டு முறை திருத்தி எழுதியவர். பதினைந்து வயதில் முதல் வடிவம். 1837இல் கிட்டத்தட்ட வாசிக்கவே முடியாத இரண்டாம் வடிவம். 1850களின் தொடக்கத்தில் சற்று இலகுவாக்கிய மூன்றாவது. தன் கையாலேயே கடினத்தைக் குறைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கோடோவ்ஸ்கி குறைக்கும் ஆளே இல்லை. ‘பேடினாஷ்’ என்று விளையாட்டாகப் பெயரிட்ட துண்டில், கறுப்புக் கட்டை எட்யூடையும் ‘வண்ணத்துப்பூச்சி’ என்று அழைக்கப்படும் ஓபஸ் 25, எண் 9ஐயும் ஒரே நேரத்தில் ஒலிக்க வைத்தார். காளமேகத்தின் சிலேடையில் பாம்பும் எள்ளும் ஒரே வரியில் குடியிருப்பது போல, ஒரே அடியில் இரண்டு பாட்டுகள். இரண்டும் ஜி ஃப்ளாட் மேஜர், இரண்டும் 2/4 தாளம், சொற்றொடர்களின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. அருகருகே இருந்த இந்தப் பொருத்தத்தை முதலில் கவனித்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. விரல் வேலை அதற்குப் பின்னால் வருகிறது.

ஏ மைனரில் அமைந்த மூன்று எட்யூட்களையும் அவர் இப்படி ஒன்றாக்கியதாகவும், அந்தக் கைப்பிரதி தொலைந்துபோனதாகவும் ஒரு செய்தி உண்டு. 1961இல் மான்ட்ரியாலில் பிறந்த பியானோக் கலைஞர் மார்க்-ஆந்த்ரே ஹாமலின் இதைக் கேள்விப்பட்டுச் சும்மா இருக்கவில்லை. மூன்றையும் தானே பின்னி ஓர் எட்யூட் எழுதிவிட்டார். மோதிர விரலை வதைக்கும் அந்த ஓபஸ் 10, எண் 2, தாவித் தாவிச் செல்லும் ஓபஸ் 25, எண் 4, ‘குளிர்காற்று’ எனப்படும் எண் 11 மூன்றும் அதில் இருக்கின்றன. ஹாமலினின் தந்தை மருந்தாளர். ஓய்வு நேரத்தில் பியானோ வாசித்தவர். மகனுக்குச் சிறுவயதிலேயே கோடோவ்ஸ்கியை அறிமுகம் செய்தவர் அவர்தான். 53 துண்டுகளையும் ஹாமலின் பதிவு செய்து 2000இல் வெளியிட்டார்.

வேகத்தைப் பாராட்டுவது சுலபம். அதை எண்ணிச் சொல்லிவிடலாம். 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு பறக்கும் துண்டை நிமிடத்துக்கு 325 அடி வேகத்தில் வாசித்தபோது, இசை தெரியாதவர்களும் வாய்பிளந்தார்கள். நியாயமான வியப்பு. கோடோவ்ஸ்கியின் கடினத்தை இப்படி எண்ண முடியாது. பல துண்டுகள் மிதமான வேகத்தில், மெதுவான குரலில் நகர்பவை. நன்றாக வாசித்தால் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். கச்சேரி மேடைகளில் இவை அபூர்வமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: இத்தனை பாடுபட்டும் கைதட்டலுக்கு உத்தரவாதமில்லை.

ஆனால் இவை வெறும் கழைக்கூத்தாக நின்றுவிடவில்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோக் கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், இடது கைக்கு மட்டும் ஒரு கான்செர்ட்டோ வேண்டும் என்று இசையமைப்பாளர் ராவெலிடம் கேட்டார். எழுதுவதற்கு முன் ராவெல் புரட்டிப் படித்த இசைக்குறிப்புகளில் கோடோவ்ஸ்கியின் இடது கைத் துண்டுகளும் இருந்தன. 1932இல் வியன்னாவில் அந்தக் கான்செர்ட்டோ அரங்கேறியது. கோடோவ்ஸ்கி அப்போது மேடையை விட்டிருந்தார். 1930இல் லண்டனில் ஷோப்பினை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த நாளில் பக்கவாதம் தாக்கியிருந்தது.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர் புரட்சி எட்யூடில் தொடங்க வேண்டாம். ஓபஸ் 10, எண் 6, மெதுவான, துயரமான துண்டு. ஷோப்பினின் மூலத்தை ஒருமுறை கேளுங்கள். பிறகு கோடோவ்ஸ்கியின் இடது கை வடிவத்தைத் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். காணொளியை அதற்குப் பின் பார்க்கலாம். அப்போது வலது கையையும் கவனியுங்கள்; பலர் அதை மடியில் வைப்பதில்லை, இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். இடது கை உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது உடம்பு முழுவதும் வலப்புறம் சாய வேண்டியிருக்கிறது. பிடி இல்லாவிட்டால் நிலை தவறிவிடும்.