அரிப்பு அல்லிராணிக் கோட்டை: ஆளுநர் மாளிகையும் அரசியின் பெயரும்

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் முத்துக்குளிப்பு ஒரே தொழிற்களமாக இணைத்திருந்தது. தமிழகக் கரையில் கொற்கை, காயல், தூத்துக்குடி ஆகியனவும், இலங்கைக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகியனவும் அதன் முதன்மை இடங்களாகும். தூத்துக்குடிப் பரதவரும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் குளியாளரும் சலாபக் காலங்களில் கடல் கடந்து சென்று இலங்கைக் கரையில் முத்துக்குளித்தனர். அரிப்புக் கரையில் சிதைந்து நிற்கும் மாளிகையொன்றை மக்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ என்கின்றனர். வரலாற்று நூல்கள் ‘டோரிக் மாளிகை’ எனக் குறிக்கின்றன. ஆங்கிலேய ஆளுநர் கட்டிய மாளிகை தமிழ் அரசியின் பெயரால் வழங்குவதன் பின்புலத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

மாளிகையின் தோற்றம்

இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் (1798–1805), முத்துக்குளிப்பை மேற்பார்வையிடும்போது தங்குவதற்காக 1801–1804 காலப்பகுதியில் இம்மாளிகையை எழுப்பினார். சலாப வருவாயின் பெருக்கமே இதற்குக் காரணம். 1798ஆம் ஆண்டுச் சலாபம் ஏறத்தாழ 1,92,000 பவுண்டு ஈட்டியது. தூண்கள் கிரேக்க டோரிக் முறையின. ஆயினும் செங்கல்லால் எழுப்பப்பெற்றுச் சுண்ணச்சாந்து பூசப்பெற்றவை. அரிப்பிலுள்ள சிறு கோட்டை இதனின் வேறானது. அது ஒல்லாந்தர் வசமிருந்தது; கண்டி அரசின் சிறையிலிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ் 1679இல் வந்து சேர்ந்ததும் அக்கோட்டைக்கே. களஆய்வு மேற்கொள்வோர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும்.

அல்லி மரபு

‘அல்லி அரசாணி மாலை’ என்னும் கதைப்பாடலில் அல்லி மதுரையை ஆண்ட அரசி. அருச்சுனன் அவளைச் சூழ்ச்சியால் மணக்கிறான். இலங்கையின் வடமேற்குக் கரை வழக்காறோ, அரிப்புக்குத் தெற்கிலுள்ள குதிரைமலையை அவளது இருப்பிடமாகக் கூறும். அவள் முத்தைக் கொடுத்துக் குதிரைகளைப் பெற்றாள் என்ற செய்தியும் வழங்குகிறது.

பெயரின் பொருத்தம்

காலத்தால் நோக்கின் இம்மாளிகை அல்லியினுடையதாக இருத்தல் இயலாது. எனினும் பெயரைப் பிழையென்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. இக்கடலின் முத்து, ஆள்வோரின் உடைமையாகவே கருதப்பட்டது. பாண்டியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அவ்வுரிமை கைமாறியது. தூத்துக்குடிப் பரதவரின் சாதித்தலைவர் ‘பாண்டியபதி’ எனப்பட்டார். ஐரோப்பியர் ஆட்சியிலும் வரிவிலக்குப் பெற்ற தோணிகளுக்கு உரிமையுடையவராக இருந்தார். முத்துரிமையைப் பாண்டியர் பெயரோடு சேர்த்து எண்ணும் மரபு அங்கும் நிலவியதை இது காட்டுகிறது. ஆதலின், முத்தின் பங்கைப் பெற்றவர் தங்கிய மாளிகையை முத்துக்கு உரியவளாகக் கருதப்பட்ட அரசியின் மனையாக மக்கள் கொண்டனர் எனக் கருதலாம். இவ்வகையில் அப்பெயர், கட்டியவரைச் சுட்டாது முத்தின் உரிமையைச் சுட்டுவதாகிறது.

முடிவுரை

கடலரிப்பால் மாளிகையின் பகுதிகள் சரிந்துவிட்டன. எஞ்சிய சுவர்கள் கரைவிளிம்பில் நிற்கின்றன. போர்க்கால இடப்பெயர்வால் இவ்வட்டார வாய்மொழி மரபும் சிதறியுள்ளது. தூத்துக்குடியில் இறுதிச் சலாபம் நிகழ்ந்தது 1961இல்; அதில் குளித்தோருள் இன்று எஞ்சியிருப்போர் மிக முதியவர்கள். கட்டடத்தை அளந்து பதிவு செய்வதோடு, இரு கரைகளிலும் வழங்கும் அல்லி கதைகளை ஒருங்கே தொகுத்து ஒப்பிடுவதும் உடனடித் தேவையாகும். சுவர் வீழ்ந்தபின் அதன் வரைபடமேனும் எஞ்சக்கூடும். சொல்வோர் மறைந்தபின் பெயரின் பொருளை மீட்டல் அரிது.