வெல்டிங் இயந்திரம் வாங்குமுன் ஒரு கணக்கு

மண்ணை நம்பி வாழ்ந்த குடும்பம் அந்த மண்ணையே இழந்துவிட்டால் அடுத்து எதை நம்புவது? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது நம்மில் பலர் கேட்ட கேள்வி இது. இன்றும் அது ஓயவில்லை.

அண்மையில் மடுல்சீமையில் ஒரு தந்தை என்னிடம் வந்தார். மரக்கறித் தோட்டத்தை விட்டு இடம்பெயர்ந்தவர். "சுவாமி, மூத்தவன் டின்கரிங் வேலை பழகிட்டானுங்க. சொந்தமா பட்டறை போடணுமாம். 250 அம்பியர் வெல்டிங் பிளாண்ட் ஒண்ணு மலிவா வருது. மகளோட நகையை அடகு வைக்கலாமுங்களா?" என்றார்.

தொழில் நல்ல தொழில்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேனையும் முச்சக்கர வண்டியையும் தட்டி ஒட்டி ஓட்டவே நாம் பழகிக்கொண்டோம். ஆனால் அந்த இயந்திரம் இந்தத் தொழிலுக்கு ஏற்றதா?

தகரம் சொன்ன பதில்

மகன் வேலை பழகிய பட்டறைக்கு மூவரும் போனோம். கழித்துப் போட்ட வேன் கதவொன்றில் சாதாரண ஆர்க் பிளாண்டால் ஒட்டிப் பார்த்தான். தகரம் ஓட்டையானது. வாகன உடல் தகரத்தின் தடிப்பு ஏறக்குறைய 0.7 முதல் 1 மில்லிமீற்றர்தான். கேற்றுக்கும் கிறிலுக்கும் பொருந்தும் 2.5 மில்லிமீற்றர் கூரின் சூட்டை அது தாங்காது.

இவ்வேலைக்கு உகந்தது 'மிக்' இயந்திரம். 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர் கம்பி தானாகவே வந்து உருகும். காற்றுப் படாமல் வாயு காக்கும். ஆகோனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயு மெல்லிய தகரத்துக்கு நல்லது. தனிக் காபனீரொட்சைட்டு மலிவு. ஆனால் பொறி அதிகம் தெறிக்கும்.

வாயு இல்லாமல் ஒட்டும் கம்பியும் உண்டு. சிலிண்டர் சுமக்கும் கூலி மிச்சம். நமது மலைக்காற்றும் அதை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் சூடும் கசடும் கூடுதல். இரண்டு கம்பிக்கும் முனை மாற்றக்கூடிய இயந்திரமே சிறந்தது. வாயுவோடு ஒட்டும்போது டோர்ச் நேர்முனையில், வாயுவில்லாக் கம்பிக்கு எதிர்முனையில் இருக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

முதலாவது, மின்சாரம். 30 அம்பியர் வீட்டு இணைப்பில் அது ஓடுமா? மாலையில் மின்னழுத்தம் குறையும் இடங்களில் எவ்வளவு தாங்கும்? இன்வேட்டர் வகை இலேசானது. மின்சாரமும் குறைவாக இழுக்கும்.

இரண்டாவது, ஓய்வுக் கணக்கு. 20 சதவீதம் என்றிருந்தால், குறித்த அம்பியரில் 10 நிமிடத்துக்கு 2 நிமிடமே ஒட்டலாம். பெரிய அம்பியர் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்.

மூன்றாவது, வாயு நிரப்பவும் டோர்ச் முனை வாங்கவும் எவ்வளவு தூரம் போக வேண்டும்? பழுதானால் திருத்துபவர் யார்?

முகமூடி, கையுறைக்கும் பணம் ஒதுக்குங்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் இரவில் மணல் விழுந்ததுபோல் கண் எரியும். நாகம் பூசிய தகரத்தின் புகை காய்ச்சல் தரும். ஒட்டுமுன் வாகனத்தின் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கிக்கு அருகே ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் உவமையாகச் சொன்னார். அந்தத் தந்தையும் மகனும் அப்படியே உட்கார்ந்து கணக்கிட்டார்கள். மகன் இன்னும் ஆறு மாதம் அதே பட்டறையில் கூலிக்கு வேலை செய்வான், மிக் இயந்திரத்தில் கை பழகுவான், என்.வி.கியூ. சான்றிதழுக்கும் முயல்வான். சேரும் பணம் முன்பணமாகும்.

இயந்திரம் இன்னும் வாங்கவில்லை. மகளின் நகை வீட்டிலேயே இருக்கிறது.