ஸ்கேன் நார்மல் என்றாலும் தலைக்காயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்

தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விடியலிலேயே கிளம்பிவிடுகின்றன. பாலக்காடு பக்கம் வாளையார் சாலையில் டூவீலரில் கோவைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். சித்தூர் வட்டாரத்தில் தென்னை ஏறிப் பிழைப்பவர்களும் உண்டு. இவர்களில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு, சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்று வந்துவிட்டால், கூலி போய்விடுமே என்று மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார். இதனால் உடம்பும் கெடுகிறது, சட்டப்படி கிடைக்க வேண்டியதும் கைவிட்டுப் போகிறது.

உள்ளே நடப்பது என்ன?

ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் சி.டி. ஸ்கேனில் தெரியும். மூளையின் பகுதிகளை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் அதிர்ச்சியில் இழுபட்டுச் சேதமானால், அது பெரும்பாலும் தெரியாது. சிறப்பு எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில், லேசான காயம் பட்ட சிலரிடமும் இந்த இழைகளில் மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. மருத்துவர் 'லேசான காயம்' என்று சொல்வது, கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரையிலான நினைவுநிலையை வைத்துத்தான். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கக் கேடு மாதக்கணக்கில் நீடிக்கும். அதை நடிப்பென்றோ சோம்பலென்றோ வீட்டாரும் மேஸ்திரியும் பேசக்கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
- வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், பேச்சுக் குழறல்
- கை கால் பலவீனம், கண்மணிகளின் அளவில் வித்தியாசம்
- காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல்

முதியவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாரங்கள் கழித்துக்கூட ரத்தம் கட்டலாம். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பழைய வேலை என்பதே சரியான வழி. குணமாகும்வரை மது வேண்டாம். மரமேறுவதும் வண்டி ஓட்டுவதும் மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

உங்கள் உரிமைகள்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, விபத்து நாளிலிருந்து 7 நாள்வரை ரூ.1.5 லட்சம் வரையிலான சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். அடிபட்டவரைத் தூக்கிச் சென்று உதவியவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு இடம் தரவில்லை.

விபத்து இடுக்கியில் நடந்திருந்தாலும், இழப்பீட்டு மனுவை நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வேலையில் நேர்ந்த காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீடும் உண்டு. ஒரே வாகன விபத்துக்கு இரண்டையும் வாங்க முடியாது என்பதால் வக்கீலைக் கேட்டு முடிவெடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, அழைக்க 15100. குறைதீர்க்கும் மனுவைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பின் 350-வது பிரிவு உரிமை தருகிறது.

கையில் இருக்க வேண்டியவை

கேரளத்தில் 'வூண்டு சர்ட்டிபிகேட்', தமிழ்நாட்டில் 'ஏ.ஆர். நகல்' (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), போலீஸ் எஃப்.ஐ.ஆர்., ஸ்கேன் படம், மருந்துச் சீட்டுகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு. ஒரு மாதம் கழித்து வரும் மறதிக்கும் தலைவலிக்கும் அன்றைய அடிதான் காரணம் என்று நிரூபிக்க முதல் நாள் பதிவு வேண்டும். சின்ன அடிதானே என்று விட்டுவிடாமல், எப்படி அடிபட்டது, நினைவு தப்பியதா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லி, அவர் எழுதிக்கொண்டாரா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.