எண்களால் இயங்கும் எஞ்சின்

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊட்டுவது என்பதை முன்னாளில் கார்புரேட்டர் தீர்மானித்தது. இந்நாளில் சிறு கணினி தீர்மானிக்கின்றது. அக்கணினியைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ள விரும்புவோருக்காக அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்னும் இருவர் 'மெகாஸ்குவர்ட்' என்ற சாதனத்தை உருவாக்கினர். அதிலுள்ள எண்களைத் திருத்த உதவும் மென்பொருள்களுள் ஒன்று 'டியூனர் ஸ்டூடியோ'.

திரையில் நாம் காண்பது கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டவணை. ஒருபுறம் எஞ்சினின் சுழற்சி வேகம். மறுபுறம் அது உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்து எண்ணைக் கொண்டே பெட்ரோலின் அளவு கணிக்கப்படுகின்றது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்வி நடப்பு விகிதத்தை அறிவிக்க, நாம் குறித்த விகிதத்தை நோக்கி மென்பொருள் அவ்வெண்களைத் தானே திருத்துகின்றது.

ஆயினும், தீப்பொறி எப்போது எழவேண்டும் என்பதை அவ்வுணர்வி கூறாது. பொறி அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சினில் தட்டொலி எழும். பாரம் மிகுந்த வேளையில் அது பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும். ஆதலின் பெட்ரோல் கணக்கை மென்பொருளிடம் ஒப்படைப்பினும், பொறியின் நேரத்தைச் சற்றுப் பிந்திய நிலையில் தொடங்கி, சிறுகச் சிறுக நாமே முன்னகர்த்துதல் வேண்டும்.