பெரிய டயோடு போட்டும் எரிகிறதே, ஏன்?

கேமரன் மலையில் மின்சாரம் என்றதும் ரிங்லெட் ஏரிதான் நினைவுக்கு வரும். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஜோர் மின் நிலையத்திற்கு இறங்குகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. தோட்டத்து வயர்மேன்களின் கை பழகியதெல்லாம் இந்த 50 சுற்றோடுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

கூரையில் பதித்த சூரியத் தகடுகளின் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுப்பது 'பூஸ்ட் கன்வெர்ட்டர்'. அதில் டயோடு எரிந்துவிட்டால், கைக்குக் கிடைத்த தடித்த டயோடை மாட்டிவிடுவோர் உண்டு. எரிந்தது 600 வோல்ட், 15 ஆம்பியர். புதியதோ 1000 வோல்ட், 35 ஆம்பியர். பெரியது தாங்காமலா போகும்? விசையைப் போட்ட சிறிது நேரத்தில் அதுவும் எரியும். போகும்போது பக்கத்திலிருக்கும் டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும்.

காரணம், இச்சாதனத்தில் டயோடின் பருமனைவிட அதன் வேகமே முக்கியம்.

டிரான்சிஸ்டர் மூடும்போது கம்பிச்சுருளில் சக்தி சேர்கிறது. திறக்கும்போது அச்சக்தி டயோடு வழியாகப் பாய்ந்து, உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்தேக்கியை நிரப்புகிறது. டயோடு ஒருவழி மதகு. அடுத்த முறை டிரான்சிஸ்டர் மூடும் அந்தக் கணமே மதகும் அடைபட வேண்டும். ஆனால், சிலிக்கான் டயோடுக்குள் தேங்கிய மின்னூட்டம் வெளியேறும்வரை அது அடைபடாது. அதுவரை மின்தேக்கியின் 400 வோல்ட்டும் டயோடு, டிரான்சிஸ்டர் இரண்டையும் ஊடுருவிப் பின்னோக்கிப் பாயும்.

விநாடிக்கு 50 சுற்றில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. பூஸ்ட் கன்வெர்ட்டரோ விநாடிக்கு 50,000 முறை இயங்கக் கூடியது. ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோ விநாடிதான். சாதாரண டயோடு அடைபடவே பல மைக்ரோ விநாடி பிடிக்கும். அதிவேக டயோடுக்கு 60 நானோ விநாடி போதும். அதாவது ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் 60 கூறு!

சரி, எதை வாங்குவது? 200 வோல்ட்டை 400 ஆக்கும் 5 கிலோவாட் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். டயோடு வழியே போகும் சராசரி மின்னோட்டம் 12.5 ஆம்பியர். சூடேறினால் தாங்கும் திறன் குறையும் என்பதால் 20 முதல் 30 ஆம்பியர் வகை நல்லது. திடீர் எழுச்சிகளையும் கணக்கில் கொண்டால் 600 அல்லது 650 வோல்ட். அதற்கு மேல் போவது வீண். சிலிக்கானில் வோல்ட் கூடக்கூட வேகம் குறையும். டயோடில் 1.5 வோல்ட் இழப்பு என்றால் ஏறக்குறைய 19 வாட் சூடு. இது சிறிய சோல்டரிங் அயர்னின் சூடு!

மலையில் குளிர் உண்டே என்று அலட்சியம் வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. சூட்டை அள்ளிச் செல்லும் சக்தியும் குறைவு. தொழிற்சாலைக்குள் வைத்தால் தேயிலைத் தூள் வேறு வெப்பத்தகட்டின் இடுக்குகளை அடைத்துவிடும்.

கையில் காசிருந்தால் சிலிக்கான் கார்பைட் ஷாட்கி டயோடே சிறந்தது. அதில் மின்னூட்டம் தேங்குவது மிகச் சொற்பம். டிரான்சிஸ்டரும் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தாலும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சாதாரண சிலிக்கானில் சூடான டயோடே மேலும் மேலும் சுமையை இழுத்துக்கொள்ளும். 2001இல் இவ்வகை டயோடை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த இன்ஃபினியோன் நிறுவனம், 2024 ஆகஸ்டில் நம் கூலிமிலேயே சிலிக்கான் கார்பைட் ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது.

எதை மாற்றுவதானாலும் முதலில் தகடு, பேட்டரி இணைப்புகளைத் துண்டித்து, மின்தேக்கியில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். விசையை அணைத்த பிறகும் அந்த 400 வோல்ட் ஆளைக் கொல்லும்.

பாவம், அந்தத் தடித்த டயோடுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. பேட்டரியை இணைக்கும் வேளையில் வெறும் மின்தேக்கியை நோக்கிப் பாயும் முதல் வெள்ளத்தை, சுருளையும் வேக டயோடையும் தொடாமல் உள்வாயிலிலிருந்து நேரே வெளிவாயிலுக்குத் திருப்பிவிட, வேகம் குறைந்த அதுவே போதும்.